அலைப்பலகைக் காலத்துப் பாட்டுக்கள்

கலிபோர்ணியாவின் தென்கரை வழியே பிரயாணஞ் செய்வோருக்குத் தேசப்படம் அதிகம் வேண்டியதில்லை. பழைய பாட்டு ஒன்று போதும். 1963ஆம் ஆண்டில் ‘பீச் போய்ஸ்’ என்னும் குழுவினர் பாடி வெளியிட்ட ‘சேர்பின் யூ.எஸ்.ஏ.’ என்ற பாட்டிலே அக்கரையோரத்துத் துறைகளின் பெயர்கள் மாலை தொடுத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. டொஹீனி, திரெசில்ஸ், சான் ஒனோபிரே, றெடொண்டோ என்று அவர்கள் அடுக்கிச் செல்வதைக் கேட்டபொழுது, தலங்களின் பெயர்களையெல்லாம் கோத்துக் க்ஷேத்திரக் கோவை பாடிய நம் முன்னோரின் நினைவே எமக்கு வந்தது. அவ்வரிசையிலே ‘சுவாமீஸ்’ என்றொரு பெயரும் உண்டு. அது பாரத நாட்டவர் ஒருவரால் வந்த பெயர். பரமஹம்ச யோகானந்தருக்காக 1930களில் என்சினிற்றாஸ் என்னும் ஊரின் கடற்பாறை உச்சியில் ஆச்சிரமம் ஒன்று அமைந்தது. அதன் கீழே எழும் அலையை இளைஞர்கள் சுவாமிகளுடைய அலை என்று அழைக்கத் தொடங்கினர். ஆச்சிரமத்துக்கும் அலைப்பலகைக்கும் யாது உறவென்று கேட்பார் அங்கே இலர்.

கடந்த ஆண்டு வைகாசி மாதத்தில், சாந்தா ஆனா நகரிலே வாழும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அயல்வீட்டில் அமெரிக்கப் பெரியவர் ஒருவர் வசிக்கிறார். எழுபத்தொன்பது பிராயத்தினர்; தச்சுத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். கண்பார்வை குன்றிவிட்டமையால் மோட்டார் வண்டி ஓட்டும் அநுமதிப்பத்திரத்தை இழந்துவிட்டார். இளமையிலே கூடாரமடித்துத் தங்கிய கரைகளை இன்னும் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றும், வாடகை வண்டியிற் போனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதென்றும் அவர் எம் மருமகனிடம் கூறினார். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, மருமகன் வண்டியைச் செலுத்த, பெரியவர் முன்னாசனத்திலும், நாமும் இல்லாளும் பதினொரு வயதுப் பேத்தியும் பின்னாசனத்திலுமாகப் புறப்பட்டோம். பெரியவரின் மடியில், மின்கலத்தில் இயங்கும் பழைய ஒலிநாடாப் பெட்டியொன்று இருந்தது. இக்காலத்து வண்டிகளில் ஒலிநாடாவைச் செருகுவதற்கு இடம் வைப்பதில்லை.

கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. மே, ஜூன் மாதங்களிலே அக்கரையில் காலை வேளையிற் புகார் மூடிக்கிடப்பது வழக்கம். நண்பகலுக்குப் பின்னரே சூரியன் தலைகாட்டும். அலையின் ஓசை மாத்திரம் வந்து கொண்டிருந்தது.

பலகையின் மீது நின்று அலையோடு அலையாகக் கரைநோக்கி வழுக்கி வரும் இவ்விளையாட்டு ஹவாய்த் தீவினருடையது. 1885இல் சான் மட்டேயோ என்ற ஊரிலே படித்துக்கொண்டிருந்த ஹவாய் அரச குடும்பத்து இளைஞர் மூவர், செம்மரத்திற் பலகை அறுப்பித்துச் சாந்தா குறூஸ் என்ற ஊரின் ஆற்றுமுகத்தில் அலையேறிக் காட்டினர். 1907இல் ஜோர்ஜ் பிரீத் என்னும் ஹவாய்க்காரர் தென்கரைக்கு வந்து, புகையிரதக் கம்பனியொன்றின் விளம்பரத்துக்காக மக்கள் முன் அதனைச் செய்து காட்டினார். விளையாட்டோடு அதன் சங்கீதமும் கப்பலேறி வந்தது. 1930களில் சான் ஒனோபிரேயிற் கூடாரமடித்த இளைஞர்கள் இரவிலே நெருப்பைச் சூழ்ந்திருந்து, உக்குலேலே என்னும் நான்கு தந்திச் சிறு கித்தாரை மீட்டி, ஹவாய்த் தீவின் மெல்லிய பாட்டுக்களையே பாடினர். அக்காலத்துப் பலகைகளோ எண்பது, நூறு இறாத்தல் நிறையுடையவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு மணலைக் கடப்பதற்குள்ளேயே பாதிப்பேர் விளையாட்டை மறந்துவிடுவர் என்று பெரியவர் நகைத்தார். 1950களின் இறுதியில் இறப்பர் நுரை போன்ற இலேசான செயற்கைப் பொருளாற் பலகை செய்யக் கற்றுக்கொண்டனர். பெண்களும் சிறுவர்களும் கூட அதனைச் சுமக்கலாயிற்று. 1959இல் ‘கிட்ஜெற்’ என்ற திரைப்படம் வெளிவந்தது. கடற்கரைகளில் கூட்டம் பெருகியது. புதிய கூட்டத்துக்குப் புதிய இசை வேண்டியிருந்தது.

அவ்விசை பிறந்த இடமாகிய பல்போவாவில் முதலில் இறங்கினோம். அங்கே ‘றொண்டேவூ’ என்னும் பெரிய நடன மண்டபம் 1928இல் எழுப்பப்பட்டது. 1961ஆம் ஆண்டுக் கோடையிலே டிக் டேல் என்ற இருபத்துநான்கு வயது வாலிபர் அங்கு கித்தார் வாசிக்க வந்தார். ஆண்பிள்ளைகள் கழுத்துப்பட்டி அணிந்து வந்தாலன்றி உள்ளே விடலாகாது என்று நகரத்து அதிகாரிகள் நிபந்தனை விதித்தனராம். கடலிலிருந்து நேரே வந்த பையன்களுக்கு வாயிலிலேயே கழுத்துப்பட்டிகள் வழங்கப்பட்டன என்பர். காலிற் செருப்பில்லை, கழுத்திற் பட்டி! சில மாதங்களுள் ஆயிரக்கணக்கானோர் அம்மண்டபத்தில் நெருக்கியடித்து ஆடினர். 1966இல் அது தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டப்படவில்லை. இன்று அவ்விடத்தில் மாடிக் குடியிருப்புக்களும், நினைவுத்தகடு ஒன்றுமே உள. பெரியவர் தகட்டை விரல்களாற் தடவிப் படித்தார். பின்னர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

ஒலித்தது டேலின் ‘மிசிர்லூ’. அவர் 1962இல் வெளியிட்ட இசைத்தட்டு அது. 1994இல் ‘பல்ப் பிக்ஷன்’ என்ற திரைப்படத்தின் முகப்பிலே அதனைச் சேர்த்தமையால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கும் அறிமுகமானது. தடித்த தந்தியொன்றின் மேல், மழை தகரக்கூரையில் விழுமாப்போல், கித்தார் இடைவிடாது பொழிந்தது. பத்து விநாடி கழியுமுன் எம் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மப்பா, இது மாயாமாளவகௌளை எல்லோ?” என்றாள்.

கிழமைதோறும் ஆசிரியை ஒருவரிடம் வாய்ப்பாட்டுக் கற்கும் பிள்ளை அவள். அவள் சொன்னது சரியே. ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்க, காந்தாரம் எட்டப் பாய, தைவதமும் நிஷாதமும் அவ்வண்ணமே அமைய, பதினைந்தாவது மேளமாகிய அந்த இராகத்தின் ஏழு சுரங்களும் அங்கே இருந்தன. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி, சரளிவரிசை பாடும் ஒவ்வொரு பிள்ளையும் முதன்முதல் வாய்திறப்பது இந்த இராகத்திலேயே அன்றோ! அமெரிக்க அலையிளைஞர் கழுத்துப்பட்டியோடு ஆடியதும் அதே சுரங்களுக்குத்தான்.

இதன் காரணம் விந்தையன்று. டிக் டேலின் இயற்பெயர் றிச்சர்ட் மன்சூர். அவருடைய தந்தை வழி லெபனான் நாட்டைச் சேர்ந்தது. ஊத் என்னும் அரபு வீணையிலே சிறிய தந்தையார் இம்மெட்டை வாசிக்கத் தாம் சிறுவயதிற் கேட்டதாகவும், அவரிடமே தர்புக்கா என்னும் கைமுரசின் தாளத்தைக் கற்றதாகவும் டேல் கூறியதுண்டு. கித்தாரை அவர் வேகமாகத் தட்டியது அந்த முரசின் கைவேகமே. மெட்டு கிழக்கு மத்தியதரைக் கடலோரத்து மக்களுக்கெல்லாம் பொதுவானது. கிரேக்க மொழியில் 1927இல் இசைத்தட்டாக வந்தது. ‘மிசிர்லூ’ என்றால் எகிப்து நாட்டுப் பெண் என்று பொருள். எகிப்தை ‘மிஸ்று’ என்று வழங்கும் நம் முஸ்லிம் அன்பர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அரபிகள் ‘ஹிஜாஸ் கார்’ என்று வழங்குவதும், நாம் மாயாமாளவகௌளை என்று வழங்குவதும் ஏறக்குறைய ஒரே சுரக்கோவையே.

பல்போவாவிலிருந்து சிறிது தூரம் உள்நாட்டிலே புல்லேட்டன் என்ற ஊர் இருக்கிறது. லியோ பெண்டர் என்பவர் அங்கே மின்சாரக் கித்தார்த் தொழிற்சாலை நடத்தினார். கித்தார் வாசிக்கத் தெரியாதவர் உலகத்தின் புகழ்பெற்ற கித்தாரைச் செய்தார் என்பது வேடிக்கையான சங்கதி. டேல் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கைக்காரருக்கென்று தந்தி கட்டிய கித்தாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அவர் எழுப்பிய பேரொலியைத் தாங்கமாட்டாமல் ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. பெண்டர் சளைக்காமல் மேலும் வலியவற்றைச் செய்து கொடுத்தார். 1961இல் அத்தொழிற்சாலை வெளியிட்ட மற்றொரு பெட்டியே இவ்விசைக்குத் தனி நிறம் கொடுத்தது. அதனுள்ளே நீண்ட கம்பிச் சுருள்கள் தொங்கும். கித்தாரின் ஒலி மின்னோட்டமாகிச் சுருளின் ஒரு முனையை அதிரச் செய்யும். அதிர்வு மறுமுனைக்குப் போய், திரும்பி, மறுபடியும் போய்வரும். மூல ஒலியோடு அந்தத் தாமத ஒலியும் கலக்க, கிணற்றுக்குள் கல் விழுந்தாற்போன்ற ஈரமான முழக்கம் பிறக்கும். டேல் அதனை விரும்பியது பாடுங் குரலுக்காகவே. பிற்பாடு கித்தாருக்குப் பொருத்தியதும் எல்லாரும் அதையே பின்பற்றினர்.

இப்பாட்டுக்களைச் செய்தவர் எல்லாரும் அலையேறினவர் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். டேல் ஏறினார். ஆனால் பீச் போய்ஸ் குழுவினர் கடலுக்குச் சில மைல் உள்ளே, ஹோதோர்ண் என்ற ஊரிலே வளர்ந்தவர்கள். அவர்களுடைய மெட்டுக்களைப் பெரும்பாலும் அமைத்த பிறயன் வில்சனுக்குக் கடல் என்றால் அச்சம். மூன்று சகோதரருள் டெனிஸ் ஒருவரே அலைச்சறுக்கில் ஈடுபட்டவர். அவரும் 1983ஆம் ஆண்டு மார்கழியிலே கடல்நீரில் மூழ்கி இறந்தார். பிறயன் 2025இலே, எண்பத்திரண்டு வயதில் காலமானார். மேலே குறிப்பிட்ட ‘சேர்பின் யூ.எஸ்.ஏ.’ பாட்டின் மெட்டுங்கூட சக் பெரி என்ற கறுப்பின இசைஞருடையது. அவர் பெயர் பின்னரே அதிற் சேர்க்கப்பட்டது. ‘வைப் அவுட்’ என்ற வாத்திய இசையைத் தந்த பையன்கள் மலையடிவாரத்து ஊரான கிளெண்டோராவைச் சேர்ந்தவர்கள். ‘பைப்லைன்’ என்பதைச் செய்த ‘சாந்தேஸ்’ குழுவினர் எம் மகள் வாழும் சாந்தா ஆனாவிலே பாடசாலை மாணவர்கள். கடலுக்கு எட்ட இருப்போரே கடலைப்பற்றி அதிகம் பாடினர் என்பது எம் எண்ணம். பெரியவர் இதனை ஒப்பவில்லை. கடலிலே இருந்தவனுக்குக் கித்தார் எடுக்க நேரமிருக்கவில்லை என்பது அவர் கட்சி.

இலகூனாவைக் கடந்து டானா முனைக்கு வந்தபொழுது புகார் விலகியிருந்தது. ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகள் கட்டிய அழகான துறைமுகம் கீழே விரிந்தது. பெரியவர் அதைப் பார்க்க விரும்பவில்லை. முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். இம்முனையருகே தெற்கிலிருந்து வரும் கோடைப் பேரலை ஒன்று இருந்தது. அதற்குக் ‘கொல்லும் டானா’ என்று பெயர். 1966இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினர், அலை செத்துப்போயிற்று. இதற்கு முன்னும், 1930களில், கொரோனா டெல் மார் என்ற துறையிலே தடுப்புச்சுவர் நீட்டப்பட்டபின் அங்கிருந்த இளைஞர் சான் ஒனோபிரேக்கு இடம்பெயர்ந்தனர். ஓர் அலை என்பது கோயிலைப்போல், மரத்தைப்போல், ஓரிடத்துப் பொருள். கடலடித் தரையின் வடிவம் மாறினால் அது வேறோர் இடத்தில் எழுவதில்லை. துறைமுகத்தினால் ஊருக்கு நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 1966ஆம் ஆண்டிலேயே மண்டபமும் எரிந்தது, அலையும் அழியத் தொடங்கியது என்பதை நினைக்கையில், அந்தத் தலைமுறையினர் இவ்விசைத்தட்டுக்களை ஏன் இத்தனை பத்திரமாக வைத்திருக்கின்றனர் என்பது விளங்கியது. சங்கீத உலகில் அவர்களுடைய காலம் அதற்கு முன்னரே முடிந்திருந்தது. 1964 மாசியிலே இங்கிலாந்திலிருந்து பீற்றில்ஸ் குழுவினர் வந்திறங்கியதும் கடற்கரைக் கித்தாரைக் கேட்பார் குறைந்தனர்.

சான் ஒனோபிரேயை அடைய மாலையாயிற்று. இக்கரை 1942இலிருந்து கடற்படைச் சிப்பாய்களின் பாசறையாகிய காம்ப் பெண்டில்ற்றனுக்குள் அடங்கியது. திரெசில்ஸ் என்பது இதன் வடபுறத்துத் துறை. புகையிரதப் பாலத்தினால் அப்பெயர் வந்தது. அங்கே களவாக நுழைந்த இளைஞரைச் சிப்பாய்கள் துரத்திப் பிடித்துப் பலகைகளைப் பறிமுதல் செய்வது அந்நாளைய வாடிக்கை. பெரியவரும் ஒரு பலகையை அவ்வாறு இழந்தாராம். 1971இலே கரையின் பகுதி பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறந்துவிடப்பட்டது. அருகே அணுமின்நிலையம் ஒன்று 1968 முதல் இயங்கியது. 2013இல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஒருபுறம் பாசறை, மறுபுறம் அணு உலை. இடையே ஓலைக் கொட்டகையும் மணலும் நீண்டு சாய்ந்து வரும் மெல்லிய அலையும். இப்படியோர் இடத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

கூடாரமடிக்கும் இடம் பாறை மேட்டின் மீது, கைவிடப்பட்ட பழைய 101ஆம் இலக்க நெடுஞ்சாலையின் துண்டிலேயே அமைந்திருக்கிறது. மருமகன் கூடாரத்தை விரித்தார். இல்லாள் வீட்டிலிருந்து கட்டிவந்த இடியப்பத்தையும் சொதியையும் பரிமாற, பெரியவர் கேட்டு வாங்கி இரண்டாந்தரமும் உண்டார். இருட்டியபின் நெருப்பு மூட்டினோம். அவர் ‘பைப்லைன்’ நாடாவைப் போட்டார். கித்தார் ஒரு படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கி வந்தது. பாதியிலே ‘டக்’ என்றொரு தடுக்கல். இசை ஒரு அடி பின்வாங்கி மீண்டும் நடந்தது. ஏன் அப்படித் துள்ளுகிறது என்று பேத்தி கேட்டாள்.

“அது 1964ஆம் ஆண்டின் மணல்” என்றார் பெரியவர்.

மின்கலத்தில் இயங்கும் இசைத்தட்டுப் பெட்டியைத் தாமும் நண்பரும் டொஹீனிக் கரைக்குக் கொண்டுபோனதையும், மணல் விழுந்து தட்டிற் கீறல் பட்டதையும் சொன்னார். மூன்று கோடைகள் இருவரும் ஒரே கூடாரத்தில் உறங்கியவர்கள். நண்பர் 1966இலே கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார். 1968இல் வியட்நாமில் உயிரிழந்தார். அவருடைய தாயார் இசைத்தட்டுக்களை ஒரு பெட்டியிலிட்டுப் பெரியவரிடம் கொடுத்தார். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நண்பரின் பெயர் பேனையால் எழுதப்பட்டிருந்தது. பெட்டியைத் திறக்கப் பதினாறு ஆண்டுகள் சென்றன. திறந்தபொழுது, தட்டுக்கள் தேயாதிருக்கட்டும் என்று நாடாவிற் பதிந்துகொண்டார். கீறலை நீக்கித் தருவதாகக் கடைக்காரர் சொன்னதை ஏற்கவில்லை.

கிழக்கே இருட்டிற் கிடந்த மலைகளைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். 1975இலே சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்காவுக்கு வந்த வியட்நாமிய அகதிகளில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் முதலில் தங்கவைக்கப்பட்டது இந்தக் காம்ப் பெண்டில்ற்றன் பாசறையிலேதான். அவர்களும் கூடாரங்களில் இருந்தனர். அவர்களுட் பலர் சாந்தா ஆனாவின் அயலூர்களிலே குடியேறினர். பெரியவரின் கண்களைப் பரிசோதிக்கும் வைத்தியர் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் மகன். ஒருநாள் தாம் பிறந்தது அக்கூடாரமொன்றில் என்று வைத்தியர் சொல்ல, அந்த மலையடிவாரத்தைத் தாமும் நன்கறிவதாக இவர் பதில் சொன்னாராம். நண்பரைப்பற்றி அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் ஊரிலே இப்படிக் கரை உண்டா என்று எம்மைக் கேட்டார். உண்டு என்றோம். 1969இலே பேராதனை மாணவராயிருந்த நாம் நால்வர், பொத்துவில் வரை பஸ்ஸிற் சென்று, அறுகம்குடாவில் படங்குத் துணியாற் கூடாரம் கட்டி மூன்று இரவு தங்கினோம். இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவை, ஈரக்காற்றில் மங்கியும் தெளிந்தும், ஒரு சிறு திரான்சிஸ்ரரில் வந்தது. இதே ‘பைப்லைன்’ அதிலும் ஒலித்தது. அதன் பொருள் எமக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாயைப்பற்றி ஏன் இசை அமைத்தனர் என்று சிரித்தோம். சுருண்டு விழும் அலையின் உட்குகைக்கு அது பெயர் என்பதையும், எம் கண்முன்னே இடையறாது சுருண்டுகொண்டிருந்த அறுகம்குடா அலைகளைத் தேடி உலகின் நாற்றிசையிலிருந்தும் ஆட்கள் பலகையோடு வருவார்கள் என்பதையும் அன்று யார் சொல்ல இருந்தார்? நால்வரில் ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் இலண்டனில். திரான்சிஸ்ரருக்குச் சொந்தக்காரர் 1990இலே கிழக்கில் நடந்த அநர்த்தங்களில் மறைந்தார். பாட்டின் பெயரைப் பெரியவர் மறுபடி உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு உறுதிசெய்து கொண்டார். பின்னர் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினார். மணல் விழுந்த இடம் வந்தபொழுது இருவரும் தலையை நிமிர்த்தினோம்.

நாடா முடிந்ததும், பேத்தியைப் பார்த்து, காலையிற் சொன்ன உங்கள் நாட்டுச் சுரவரிசையைப் பாடிக்காட்டுவாயா என்றார். அவள் கூச்சமின்றி நிமிர்ந்திருந்து, தொடையில் தாளம் போட்டுச் சரளிவரிசையை முதற்காலத்திற் பாடினாள். இரண்டாங் காலத்தில் அவர் விரல்கள் ஒலிநாடாப் பெட்டியின் மீது தாளமிடத் தொடங்கின. இன்னும் வேகமாகப் பாடலாமா என்று கேட்டார். சான் டியேகோவுக்குச் செல்லும் இரவுப் புகையிரதம் அருகே கடகடத்துக் கடந்தது. அது போகும்வரை பொறுத்திருந்து, அவள் மூன்றாங் காலத்தை எடுத்தாள்.